இறங்கிய பிறகு வந்த வலி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ரிஸ்வானா கூப்பிட்டாள். மைமூன் அக்காவின் மருமகள் அவள். வலங்கைமானில் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள். "சுமதி ஆன்ட்டி, மாமி மௌத்தாயிட்டாங்க" என்றாள். "சரிம்மா" என்றேன். சாவுச் செய்தி சொன்ன போனை வைத்துவிட்டு, வாளியில் மீதியிருந்த துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டேன். தலையணை உறைகளை நேராக இழுத்துவிட்டுக் கிளிப் மாட்டியதுகூட நினைவிருக்கிறது. அதன் பிறகுதான் புடவை மாற்றிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அவர் வீட்டுக்கு நடந்தேன். அன்று அழவில்லை. இதை எழுதும் இன்றுவரை அழவில்லை. இதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் நியாயம்.

கிராம சுகாதார செவிலியர்களாக இருந்து ஓய்வு பெற்ற உங்களில் பலருக்கு மைமூன் அக்காவைத் தெரியும். மாதாந்திரக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்டால் மட்டும் எழுந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நான் அவருக்கு மூன்று வயது இளையவள். எங்கள் இருவருடைய துணை சுகாதார நிலையங்களும் அடுத்தடுத்த ஊர்களில் இருந்தன. மற்றவர்கள் எல்லோரும் மொபெட்டுக்கு மாறிய பிறகும் அவர் சைக்கிளில்தான் வந்தார். மொபெட் ஓட்டப் பழகினார், வாங்கவும் வாங்கினார், ஆனால் வரப்பு ஓரத்து ஒற்றையடிப் பாதையில் அது போகாது என்று ஆறே மாதத்தில் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

ஓர் ஐப்பசியில் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டு, அவர் போக வேண்டிய தெருவுக்கு வழியே இல்லாமல் போயிற்று. இடுப்பளவு தண்ணீர். சைக்கிளைக் கோயில் மதிலோடு சாத்திவிட்டு, தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறார். மறுநாள் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தெருக்காரர் ஒருவர் என்னிடம் சொல்லித்தான் தெரியும். நாளைக்குப் போயிருக்கலாமே அக்கா என்று கேட்டதற்கு, "பெட்டியில ஐஸ் இருக்குற வரைக்கும்தான் நமக்கு நேரம், சுமதி" என்றார். அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

ஓய்வு பெற்ற பின் ஏழு வருடம் சைக்கிளைத் தொடவில்லை. சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார்கள், நடந்தால் குதிகால் வலித்தது. ஒருநாள் என் வீட்டு வாசலில் புது லேடீஸ் சைக்கிளோடு வந்து நின்று, நீயும் ஒன்று வாங்கு என்றார். அறுபத்திரண்டு வயதில் நானும் வாங்கினேன். வாரத்தில் நான்கு நாள், விடிந்ததும், குடமுருட்டி ஆற்றங்கரைச் சாலையில் கிளம்பி மதகு வரை போவோம். அங்கே ஒரு டீக்கடை. டீ குடித்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து திரும்புவோம். தலைமுக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு, கால்களைச் சீராக மிதித்துக்கொண்டு, எப்போதும் எனக்கு ஒரு சைக்கிள் தூரம் முன்னால்தான் போவார்.

அவருடைய கொழுந்தனார் ஒருவர் இந்த வயதில் இது தேவையா என்று வீட்டுக்கு வந்து கேட்டாராம். அதை அக்கா எனக்குச் சொன்ன விதம்: "முப்பது வருசம் கவர்மெண்டுக்காக ஓட்டினேன், யாரும் ஒண்ணும் கேக்கலை. இப்ப எனக்காக ஓட்டுறேன், கேக்குறாங்க."

முதல் வலி வந்தது போன வருடம், ஆற்றில் தண்ணீர் வந்த புதிதில். சைக்கிள் மிதிக்கும்போது ஒன்றுமில்லை. இறங்கி, டீ குடித்து, மதகில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அக்கா பேச்சை நிறுத்திவிட்டு இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். என்ன என்றேன். "நெஞ்சு நடுவுல யாரோ உள்ளங்கையை வச்சு அமுக்குற மாதிரி இருக்கு" என்றார். பத்து நிமிடத்தில் விட்டுவிட்டது. வியர்வை இல்லை, கைக்குப் பரவவில்லை. இருவரும் செவிலியர்கள், பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தோம். அடுத்த வாரம் மறுபடி வந்தது. அதற்கப்புறம் சைக்கிள் எடுத்த நாளில் பாதி நாள் வந்தது, எப்போதும் நிறுத்திய பிறகுதான்.

அக்கா அதை எழுதிவைக்க ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு இறங்கினோம், எத்தனை நிமிடம் கழித்து வலி, எவ்வளவு நேரம் இருந்தது, நாடி எவ்வளவு. நாம் காய்ச்சல் கேஸுக்கு எழுதுவோமே, அதே கட்டங்கள்.

பிள்ளைகள் போனில் சொல்லித் தஞ்சாவூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். நானும் கூடப் போனேன். ஈசிஜி சரியாக இருந்தது. எக்கோ சரியாக இருந்தது. டிரெட்மில்லில் ஓட விட்டார்கள். மூச்சு வாங்காமல் ஓடி முடித்தார், நர்ஸ் பெண் பாராட்டினாள். கடைசியில் ஆஞ்சியோவும் எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டி, குழாய்கள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன, சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள் என்றார். அக்கா தான் எழுதிவைத்திருந்த தாளை மேசையில் வைத்தார். டாக்டர் அதை எடுக்கவில்லை.

"அப்ப வலி எங்கேருந்து சார் வருது?" என்று அக்கா கேட்டார்.

பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். இரண்டு பேரும் ஷார்ஜாவில் என்று நான்தான் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு வாயு மாத்திரையும் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரிடம் இருந்த கருவிகள் எல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லின. அக்கா தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மதகுக்குப் போனோம். வழக்கம்போல இறங்கி உட்கார்ந்தோம். வலி வந்தது. எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆஞ்சியோவே சுத்தம் என்ற பிறகு பயப்பட என்ன இருக்கிறது? டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "பசங்க நெனப்பாத்தான் இருக்கும் அக்கா. மனசுதான் காரணம்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மீதி டீயைக் குடித்துவிட்டு, போலாமா என்றார்.

அதன் பிறகு வலி என்று என்னிடம் சொல்லவே இல்லை. ஒருமுறை சைக்கிளின் பின் கேரியரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். வலிக்கிறதா என்றேன். செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது என்றார். அவர் போட்டிருந்தது வார் இல்லாத செருப்பு. எனக்கு அது தெரிந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய், ஒன்றுமில்லை என்று மறைக்கும் கர்ப்பிணிகளிடம் துருவித் துருவிக் கேட்டவள்தான் நான். என் பக்கத்தில் நின்றவரிடம் கேட்கவில்லை.

அக்கா இறந்த அன்று எனக்கு முழங்கால் வீக்கம், போகவில்லை. அவர் மட்டும் போயிருக்கிறார். சம்பா அறுவடை நேரம், சாலை முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏழரைக்கு வீடு திரும்பி, சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, முகம் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ரிஸ்வானா இட்லி எடுத்து வந்தபோது கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, தட்டை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் போனபோது உள்ளறையில் குளிப்பாட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பெண்களோடு கூடத்தில் உட்கார்ந்தேன். யார் யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூத்த மகன் கிளம்பிவிட்டான், அவன் வந்த பிறகுதான் எடுப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ராத்திரி அவன் வந்து சேர்ந்ததும் ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து கொடியில் இருந்த துணிகளை மடித்து வைத்தேன்.

சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. காரணம் தெரியாத இடத்தில் அந்தச் சொல்லைப் போடுவது நமக்கு எல்லோருக்கும் பழக்கம். பதிவேட்டில் நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது சரியாகவும் இருக்கலாம். அந்த வலிக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

பத்து நாள் கழித்து ரிஸ்வானா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். டீ கொடுத்தாள். கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"மாமி வலின்னு உங்ககிட்ட சொன்னாங்களா ஆன்ட்டி?"

"சொன்னாங்க. நான் நம்பலைம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நானும்தான்" என்றாள்.

பிறகுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். மார்கழியில், மழை விட்டிருந்த ஒரு நாள், அக்கா தனியாகப் பஸ் ஏறிக் கும்பகோணம் போயிருக்கிறார். அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் புதிதாக உட்கார்ந்திருந்த இளம் பெண் டாக்டரைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து ரிஸ்வானாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: "அந்தப் பொண்ணு நான் எழுதினதை எல்லாம் படிச்சுது. ஏன்னு தெரியலைம்மா, ஆனா உங்களுக்கு வலிக்குதுங்கறது நெஜம்னு சொல்லுச்சு. எனக்கு அது போதும்."

அவரோடு நான் போகாத பஸ் பயணம் அது ஒன்றுதான். வேலையில் சேர்ந்ததிலிருந்து எந்தப் பயிற்சிக்கும் எந்த முகாமுக்கும் நாங்கள் சேர்ந்துதான் பஸ் ஏறியிருக்கிறோம். இதற்கு மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடும்படி நான் இல்லை.

அடுத்த வாரம் நான் கும்பகோணம் போனேன். அந்த டாக்டர் அக்காவை நினைவு வைத்திருந்தார். இறந்துவிட்டார் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். சைக்கிளை விட்டு இறங்கி எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டார். அரைமணி நேரத்துக்குள் என்றேன். படத்தில் தெரிகிற பெரிய குழாய்களில் அடைப்பு இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழாய்கள் இறுகிக்கொள்வதுண்டு, பெண்களுக்கு அது தப்பிப்போவதும் உண்டு என்று விளக்கினார். சென்னையில் அதற்கான சோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தாராம். அறுவடை முடியட்டும், கூட வர ஆள் கிடைக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். "இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றும் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். எதற்காக விட்டேன் என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை முதல்முறையாகத் தனியாகச் சைக்கிளை எடுத்தேன். மதகு வரை போகவில்லை. பாதி வழியில், அறுத்த வயலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். தினமும் எங்களைப் பார்த்துச் சிரிப்பவள், பேர் தெரியாது. முன்னால் போகும் அம்மா வரவில்லையா என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்றேன். ஐயோ, என்னவாம் என்றாள்.

மாரடைப்பு என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவளும் உச்சுக்கொட்டிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போயிருப்பாள், நானும் மிதித்துக்கொண்டு போயிருப்பேன். நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"என்னன்னு தெரியலைம்மா. வலிக்குதுன்னு எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் கேக்கலை."

அவள் ஆட்டைப் பார்க்கப் போகாமல் என் பக்கத்தில் நின்றாள். மைமூன் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் இனிமேல் இதைத்தான் சொல்லப்போகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பதில்தான்.