உரக்கடை கலியமூர்த்தி வண்டி பார்த்த கதை

சிதம்பரம் வண்டிகேட் தாண்டி, பழைய கார் விற்கும் கொட்டகை ஒன்று வைத்திருக்கிறேன். பொறுமை இல்லாதவன் செய்யக்கூடாத தொழில் இது. எனக்குப் பொறுமை கிடையாது. வாங்க வருகிறவர் டயரை உதைத்துப் பார்த்தாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். உதைத்தால் என்ன தெரியும்? கால்தான் வலிக்கும். அப்படிப்பட்ட என்னிடம் 2010 ஐப்பசியில் வந்து சேர்ந்தார் கம்மாபுரம் பக்கத்து உரக்கடை கலியமூர்த்தி.

கொட்டகையில் அப்போது ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் இரண்டு நின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று கருப்பு. கம்பெனிப் பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் இரண்டு கட்சி ஆட்களும் சண்டைக்கு வருவார்கள். இரண்டும் நல்ல உயரம். புடவை கட்டியவர்கள் ஏறப் படி வேண்டும். இரண்டிலும் கியருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கியர் இருக்கும். அதைப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், சேற்றிலும் மணலிலும் வண்டி மாட்டாது. எங்கள் பக்கத்தில் இறால் பண்ணைக்காரர்கள் ஒன்றிரண்டு பேர் கேட்பார்கள், அவ்வளவுதான். யூரியா விற்கிறவருக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அவர் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான்.

"சேத்துல மாட்டாதுல்ல?"

"மாட்டாது."

"ரெண்டுல எது மாட்டாது?"

"ரெண்டும் மாட்டாதுங்க."

"அதெப்படி, ஒண்ணு ஜாஸ்தி ஒண்ணு கம்மி இருக்குமில்ல?"

மைலேஜ் கேட்கவில்லை. ஏசி கேட்கவில்லை. எத்தனை பேர் உட்காரலாம் என்றுகூடக் கேட்கவில்லை. வெள்ளையில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார். கருப்பில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார். "யோசிச்சிட்டு வர்றேன்" என்று பஸ் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். வெள்ளை என்று முடிவு செய்து பூவோடு வந்த ஒரு நாள், கருப்பைப் பார்த்ததும் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூவைப் பிடுங்கி நானே ஏதாவது ஒரு வண்டிக்குப் போட்டிருப்பேன்.

இத்தனைக்கும் கடையில் அவர் ஆளே வேறு. ஒரு தடவை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். வாடின நாற்று ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். ஒரு பார்வை பார்க்கிறார். "இந்த மூட்டைய எடு, இதோட அத கலக்காத, போ" என்கிறார். அவ்வளவுதான், எதிர்ப்பேச்சு இல்லை. ஊரார் வயலுக்கு அரை நிமிஷத்தில் முடிவு சொல்கிறவர், தனக்கென்று ஒரு டார்ச் லைட் வாங்கவும் தடுமாறுவார் என்று அங்கேதான் சொன்னார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டுக்கு மோட்டார், மொபெட், டிவி, எதுவானாலும் தேர்வு செய்தது அவருடைய மச்சான்தானாம். ஆறு வருஷமாக மச்சானோடு பேச்சு இல்லை. ஆறு வருஷமாக அந்த வீட்டுக்குப் புது மிக்ஸிகூட வரவில்லை.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, மனைவி பட்டம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கருப்பு வண்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மாள் எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

மகள் அனுப்பிரியா பெரியவளானபோது மஞ்சள் நீராட்டு விழா வைத்திருக்கிறார்கள். ஐப்பசி அடைமழை. பட்டம்மாளின் தம்பிதான் தாய்மாமன். பட்டுப்பாவாடை, வளையல், பழத்தட்டு என்று சீர் எடுத்துக்கொண்டு வாடகை வேனில் வந்திருக்கிறார். ஊருக்கு வெளியே களிமண் ரோட்டில், மதகுப் பக்கத்தில் வேன் மாட்டிக்கொண்டது. செல்போனில் டவர் கிடைக்காத ஊர். இங்கே நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆளாளுக்குக் கத்த, கலியமூர்த்தி பதறிப்போய், மாமன் முறையில் பந்தலில் உட்கார்ந்திருந்த சுப்புராயன் என்பவரை எழுப்பி மாலை போடச் சொல்லிவிட்டார். முழங்கால்வரை சேறோடு, தலையில் சீர்த்தட்டைச் சுமந்துகொண்டு தாய்மாமன் வந்து நின்றபோது, அந்தப் பெண்ணின் கழுத்தில் வேறொருவர் போட்ட மாலை கிடந்தது.

"தட்ட வாசல்லயே வெச்சிட்டான். இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவன்தான்" என்றார் பட்டம்மாள். "தை மாசம் அனுப்பிரியாவுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. தாய்மாமன் இல்லாம அந்த வாசல்லேர்ந்து பொண்ண எப்படி அனுப்புறது? நான் போயி கூப்பிட்டேன். சோறு போட்டான், புடவை எடுத்துக் குடுத்தான். வாசப்படிய மட்டும் மிதிக்க மாட்டேன்கிறான். இந்த மனுஷன் நேர்ல போயி மன்னிச்சிக்கன்னு ஒரு வார்த்த சொல்லலாமில்ல? சொல்ல மாட்டாரு. சேத்துல மாட்டாத வண்டி வாங்கி அனுப்புனா மச்சான் வந்துடுவாருன்னு நெனைக்கிறாரு."

நான் வண்டிக்கு அடியில் நீண்டிருந்த கலியமூர்த்தியின் கால்களைப் பார்த்தேன். அதுவரை அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்படியும் ஒரு மனிதரா என்று இருந்தது.

"உங்க தம்பி பேரு என்னாம்மா?"

"செந்தமிழ்செல்வன். புவனகிரியில மெக்கானிக் ஷெட் வெச்சிருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கொட்டகைக்கு வருகிற வண்டிகளையெல்லாம் பார்த்துச் சரிசெய்து கொடுப்பவர் அவர்தான். அந்தக் கருப்பு வண்டியின் இன்ஜினைப் பிரித்து மாட்டியதும் அவர்தான். போனை எடுத்து, ஒரு பார்ட்டி வந்திருக்கிறது, ஃபோர் வீல் பற்றி ஏதோ சந்தேகம் கேட்கிறார்கள், உடனே வரவும் என்றேன். பார்ட்டி யார் என்று சொல்லவில்லை. வியாபாரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா?

வந்தார். பைக்கை நிறுத்தியதுமே அக்காவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். ஆனாலும் கிளம்பிப் போகவில்லை. கலியமூர்த்தி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மச்சானுக்கு முதுகைக் காட்டியபடி என்னிடம் சொன்னார்.

"கதிரு, வெள்ள வண்டி சேத்துல எப்படின்னு கேளு."

கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற செந்தமிழ்செல்வனும் என்னிடமே பதில் சொன்னார். "நல்லாப் போவும்னு சொல்லுங்க."

"அப்ப கருப்பு?"

"களிமண்ணுக்குக் கருப்பு தேவலாம்னு சொல்லுங்க. டயரு புதுசு."

"வெள்ளையில டயர மாத்திக்கிட்டா ஆவாதான்னு கேளு."

"வெள்ள வாங்கணும்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் எதுக்கு என்னக் கேக்குறாங்கன்னு கேளுங்க."

"யோவ், நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்று கத்திவிட்டேன். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்கில்ல?"

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பட்டம்மாள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கருப்பு வண்டியின் பின் கதவைத் திறந்தார். "சேத்துல ஓட்டிப் பாத்தாதான தெரியும்? நம்மூரு ரோட்டுல வேண்டிய மட்டும் கெடக்குது. தம்பி, நீ ஓட்டு."

செந்தமிழ்செல்வன் பைக் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வண்டியத்தான் ஓட்டுவேன்க்கா. கீழ எறங்க மாட்டேன்."

"எறங்க வாணாம். ஏறு."

முன்னால் அவர் பக்கத்தில் நான். பின்னால் அக்காளும் மாமாவும். வண்டி சேத்தியாத்தோப்பு தாண்டியது. சோதனை ஓட்டத்துக்கு இவ்வளவு தூரமா, டீசலை யார் போடுவது என்று நான் மனதுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தார் ரோடு முடிந்து களிமண் தொடங்கியது. முந்தின நாள் மழை. மதகு வந்ததும் பின்னாலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. செந்தமிழ்செல்வன் வண்டியை நிறுத்தினார். சின்னக் கியரைப் போட்டார். வண்டி ஒரு தடவை உறுமியது, நாலு சக்கரமும் சேற்றை வாரி இறைத்தன, அந்தப் பக்கம் ஏறி நின்றுவிட்டோம். இவ்வளவுதான் விஷயம். இந்த நாலு கஜ சேறுதான் ஆறு வருஷத்தைத் தின்றிருந்தது.

வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்காமலே நிறுத்தினார். அனுப்பிரியா ஓடிவந்து, "மாமா" என்று வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கையை வெளியே நீட்டி அவள் தலையைத் தொட்டார்.

பட்டம்மாள் இறங்கி உள்ளே போனவர் தட்டு நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்புமாக வந்தார். "எறங்க வாணாம். ஒக்காந்த எடத்துலயே சாப்புடு. சோத்து மேல என்னா கோவம்?"

செந்தமிழ்செல்வன் இன்ஜினை அணைத்தார். தட்டை மடியில் வாங்கி, ஸ்டீயரிங் இடிக்க இடிக்கச் சாப்பிட்டார். சீட்டில் குழம்பு சொட்டியது. அந்தக் கறை இனிப் போகாது, வண்டியை நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பின்னால் திரும்பிச் சொன்னேன். கலியமூர்த்தி, "சரி" என்றார். ஒன்றரை மாதமாக எடுக்க முடியாத முடிவு ஒரு சொட்டுக் குழம்பில் முடிந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்தார். பட்டம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு போனார். கை கழுவத் தண்ணீர் வரும் என்று செந்தமிழ்செல்வன் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவில்லை. பட்டம்மாள் வாசற்படியில் வந்து நின்றார், வெறுங்கையோடு.

"அக்கா, தண்ணி."

"சொம்பெல்லாம் வெளக்கப் போட்டிருக்கு. பம்புல வருது, போயி கழுவிக்க."

அடிபம்பு வீட்டு வாசலிலேயே, வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்தது. இறங்கினால்தான் ஆயிற்று. என் காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது. அவர் கண்ணில் படுவதற்குள் அதைக் காலாலேயே சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கருவாட்டுக் குழம்புக் கை. ஸ்டீயரிங்கைத் தொட முடியாது, சட்டையைத் தொட முடியாது. சோறு விரலில் காய்ந்துகொண்டே வந்தது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கலியமூர்த்தி இறங்கிப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பை அடிக்கத் தொடங்கினார். கீழே குடமும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. தண்ணீர் கொட்டிச் சேற்றில் ஓடியது. அவர் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க, வண்டிப் பக்கம் திரும்பாமல், அடித்துக்கொண்டே சொன்னார்.

"நான் அன்னைக்குக் காத்திருந்திருக்கணும் மச்சான். தண்ணி வீணாப் போவுது, வா."

செந்தமிழ்செல்வன் இடது கையால் கதவைத் திறந்தார். வண்டிப் படியில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு இறங்கி, சேற்றில் நடந்துபோய், கொட்டுகிற தண்ணீரில் கையை நீட்டினார். கை சுத்தமான பிறகும் மாமா அடித்துக்கொண்டே இருந்தார், இவரும் கையை எடுக்கவில்லை.

"மெதுவா அடிங்க மாமா. நெஞ்சு வலிக்கப் போவுது."

பட்டம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மோரு சோறு உள்ள போட்டு வெச்சிருக்கேன்" என்றார். "ரெண்டு பேரும் வாங்க."

செந்தமிழ்செல்வன் வாசற்படிக்குக் கீழே நின்று, சேறு அப்பிய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.