மனைவி என்றொரு க்ளாஸ்

மூலக்குளத்தில், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்து வெள்ளைப் பலகையில் நான் வரைந்த கிளைப்படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வில்லியனூர் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் பங்கு ஒன்றின் குடும்பப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை. உச்சியில் ‘உறுப்பினர்’ என்ற க்ளாஸ், அதாவது நிரலில் ஒரு வகை ஆட்களுக்கான அச்சு. அதன் குணங்களை வாரிசாகப் பெறும் ‘மகள்’, ‘மனைவி’ என்ற க்ளாஸ்கள் கீழே. பழைய பதிவேட்டில் பெண்ணுக்குக் கல்யாணமானால் அப்பா பக்கத்தில் பெயரை அடித்துவிட்டுப் புருஷன் பக்கத்தில் எழுதுவார்கள். அதையே நானும் செய்தேன். செலியமேட்டிலிருந்து வேலைக்கு வந்து முதன்முதலாகத் தனியே வடிவமைத்தது. பெருமையில் தலைகால் புரியவில்லை.

நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அக்காவுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. “மனைவின்றது ஆளு இல்லப்பா. ஆளுகிட்ட இருக்குற ஒறவு. அத்த தனியா செஞ்சி ஆளுக்குள்ள வையி,” என்றார். கணவனைப் பிரிந்தவள் தாய்வீடு திரும்பினால் என்ன ஆகும் என்று பிழைப் பட்டியலிலும் மூன்று முறை எழுதினார். மனைவியாக உருவான பதிவை மகளாக மாற்ற என் அமைப்பில் வழியில்லை. அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும். அழித்தால் அதில் கோத்திருக்கும் பிள்ளைகளும் போய்விடும். தெரிந்தேதான் ‘அபூர்வம், தேவையில்லை’ என்று குறித்து, பெரிய மேதாவி போல அந்தப் பிழையை மூன்று முறையும் மூடினேன்.

அந்தப் பங்கில் அப்படி ஒருவர் இருந்தார். அக்காவேதான். மகளோடு அப்பா வீட்டுக்கு வந்திருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. பங்கு அலுவலகத்தில் அவர் பதிவை அழித்துப் புதிதாகப் போட்டவர்களுக்கு, பிள்ளையை மறுபடி சேர்க்கத் தோன்றவில்லை. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளின் பட்டியலைக் கணினி அச்சடித்துத் தந்தது. ஞாயிறு பூசையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தபோது, வெள்ளைக் கவுனும் பூமுடியுமாக நின்ற அக்கா மகளின் பெயர் மட்டும் வரவில்லை. கடைசியில் பங்குச் சாமியார் அவளையும் அழைத்து நன்மை கொடுத்தாராம். அதற்குள், ‘அப்பன விட்டுட்டு வந்த வூடு, அதான்’ என்று பின்னால் யாரோ சொன்னது பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது.

திங்களன்று அக்கா சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது.

“உங்களுக்குன்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனேக்கா,” என்றேன்.

“எனக்குன்னாதான் செய்வியா?”

அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. இப்போது என் கீழே வேலை செய்கிறவர்கள் எதையாவது அபூர்வம் என்று ஒதுக்கினால், மூடவிடாமல் மறுபடி திறக்கச் சொல்கிறேன்.

அந்த வாரமே இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். ஆள் வேறு, உறவு வேறு. உறவு மாறினாலும் ஆளும் பிள்ளையும் அப்படியே இருப்பார்கள். அக்கா தன் பெயரையே போட்டு, மனைவியை மகளாக மாற்றிப் பார்த்தார். பிள்ளையின் பெயர் திரையில் அப்படியே இருந்தது.

“இப்ப சரியா இருக்குதுப்பா,” என்றார். “பாப்பாதான் இனிமே கோயிலுக்கு வரமாட்டேன்றா.”