சத்திரசிகிச்சைக்கு முன் தலவிலவுக்கு

கற்பிட்டிக் கரையில் உள்ள தலவில அன்னம்மாள் கோயிலுக்கு இதற்கு முன் ஆவணித் திருநாளுக்குத்தான் போயிருக்கிறேன், லொறியில் பாய் சட்டியோடு குடும்பமாக. இந்தச் செவ்வாய்க்கிழமை நானும் மனைவி ரோஸ்லினும் மட்டும் போனோம். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. வரும் திங்கட்கிழமை கொழும்பில் சத்திரசிகிச்சை. அதற்கு முன் அன்னம்மாளிடம் ஒரு நேர்த்தி வைத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். ரோஸ்லின் "போவோம்" என்றாள். தன் காரணத்தைச் சொல்லவில்லை.

நான் சிலாபத்தில் கருவாட்டு மொத்த வியாபாரி. வீதியோரத்தில் சாக்கு விரித்துத் தொடங்கியவன். ஊரடங்கு, பெற்றோல் வரிசை, விலையேற்றம் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே அரிசியும் காஸ் சிலிண்டரும் வாங்கி வைத்தேன். கெட்டிக்காரன் என்றார்கள். இந்தக் கட்டிக்கு எதை வாங்கி வைப்பது என்று தெரியாமல்தான் களைத்துப்போனேன்.

போகிற வழி: சிலாபத்தில் புத்தளம் பஸ் ஏறிப் பாலாவிச் சந்தியில் இறங்க வேண்டும். ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து கற்பிட்டி பஸ் உண்டு, ஆனால் நின்றுகொண்டு போக நேரும். ரோஸ்லினால் முடியாது என்பதால் ஓட்டோ பேசினேன். ஓட்டோக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், போய்வர ஆறாயிரம் கேட்டார்.

"ஆறாயிரம் கூடிப்போச்சு, நானா."

"நிக்கிறதுக்கும் சேத்துத்தான் மொதலாளி. நீங்க தொழுது முடிச்சு எப்ப வருவீங்க எண்டு எனக்குத் தெரியுமா?"

ஐயாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம், தான் பிறந்தது புத்தளத்தில் என்றார். உப்பளங்களைத் தாண்டி நுரைச்சோலைப் பக்கம் போகும்போது, வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே ரோஸ்லின் சொன்னாள்:

"கோயில் பாதருக்குப் போன் பண்ணிட்டேன். எனக்கு எண்ணெய் பூசி விடுறேன் எண்டார்."

எங்கள் தெருவில் சுவாமியார் எண்ணெய்ச் செப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அயலவர்கள் சாவீட்டு வெள்ளைக் கொடி கட்டக் கயிறு தேடுவார்கள். இப்போது அதை நோயில் பூசுதல் என்கிறார்கள். எனக்கு அது இன்னும் சாகக் கிடப்பவருக்குப் பூசுகிற அவஸ்தைப் பூசுதல்தான்.

"நீ என்ன, சாகவா போறாய்?"

"ஒப்பரேஷனுக்குப் போறேன்."

"அப்பாவுக்குப் பூசினாங்க, அண்டைக்கே போயிட்டார்."

"மாமாவுக்கு மூச்சு அடங்கிற நேரத்திலதானே நீங்க பாதருக்கு ஆளனுப்பினது. அதுக்கு எண்ணெய் என்ன செய்யும்?"

நான் குரலை உயர்த்தினேன். அவள் அழுதாள். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல, காத்துச் சத்தம்" என்று யாரும் கேட்காமலே சொன்னார் ஓட்டோக்காரர்.

திருநாள் இல்லாத நாளில் கோயில் வளவில் மணலும் கடல் காற்றும்தான். உள்ளே இளம் சுவாமியார் ரப்பர் செருப்போடு காத்திருந்தார். ரோஸ்லின் பாவசங்கீர்த்தனம் செய்து முன்வரிசை வாங்கில் உட்கார்ந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"ஐயா, அங்க ஏன் நிக்கிறீங்க?"

"நான் நேர்த்தி வைக்க வந்தனான், பாதர். இவ சுகமானா திருநாளுக்கு வாற சனத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு."

ரோஸ்லின் திரும்பினாள். "சுகமாகாட்டி? சனத்தப் பசியோட போகச் சொல்லுவீங்களா?"

சுவாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சரக்குக்கு விலை பேசுகிற மாதிரித்தான் பேசியிருக்கிறேன். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் பூசினார். அவ்வளவுதான், கொஞ்ச நேரம். அவளுக்காகச் செபிக்கும்போது "உடலுக்கும் மனதுக்கும் பெலன் தாரும்" என்றார். சாவைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அத்தனை வருடம் நான் பயந்திருந்த செபம் இதுதானா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பயம் போயிட்டுதா?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"இல்ல. ஆனா இனி ஒப்பரேஷனுக்குப் போகலாம்."

திருநாள் சாப்பாடு எப்படியும் உண்டு என்று சுவாமியாரிடம் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன். பாலாவி வரும்வரை ரோஸ்லின் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவள் இப்படித் தூங்கியதில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: திருநாள் காலத்தைத் தவிருங்கள், நோயாளிக்கு அந்தக் கூட்டம் ஆகாது. சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். எண்ணெய் பூச வேண்டுமென்றால் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லி வையுங்கள். மூச்சு இழுக்கும்வரை காத்திருக்காதீர்கள், நடக்க முடிகிறபோதே போங்கள். வீட்டில் அதற்குப் பயந்து தடுக்கிற ஆள் ஒருவர் இருப்பார். அவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.