டவர் சொன்னால் சரி

செக்கில் இருக்கும் கையெழுத்தை அவர் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். கணக்கு தொடங்கிய நாளில் போட்ட மாதிரிக் கையெழுத்தையும் தலைகீழாகத் திருப்பி, அதன் பக்கத்தில் வைத்து விரலால் நகர்த்திச் சரிசெய்வார். நேராகப் பார்த்தால் பெயரைப் படித்துவிடுவோம், பெயரைப் படித்தால் ஆளின் முகம் ஞாபகம் வரும், முகம் வந்தால் மனசு இளகிவிடும் என்பது அவர் சித்தாந்தம். தலைகீழாக இருந்தால் வெறும் கோடும் வளைவும் அழுத்தமும்தான். "பேரு நமக்கெதுக்குங்க? ஒத்துப்போகுதா இல்லையா, அதப் பாருங்க" என்பார். ஒத்துப்போகவில்லை என்றால், ரப்பர் பேண்ட் சுற்றிய பேனாவை எடுத்துச் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு. அந்த ரப்பர் பேண்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் அவருக்குத் தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு தடவை மேனேஜர் கை சுளுக்கிக்கொண்டு போட்ட கையெழுத்தையே திருப்பி அனுப்பினார். "கை சரியானதும் வாங்க சார்" என்று சொன்னார், சிரிக்காமல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று அதற்கப்புறம் மேனேஜரே வெளியில் சொல்லித் திரிந்தார்.

இன்னொரு பெயரும் உண்டு. மதியம் சாப்பாட்டு நேரம் அரை மணி. இடது கையில் ஸ்பூன், வலது கையில் போன். போனுக்குள் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் போர் விமானப் பைத்தியங்கள். ஒரு விமானத்தின் வால் எண்ணில் இருப்பது ஏழா ஒன்றா என்று மூன்று நாள் அடித்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் சண்டை எண்ணை விட்டுவிட்டு ஆளுக்கு வந்துவிடும். "நீ யாருய்யா முதல்ல? எந்தத் தளத்துல இருந்த? ஆதாரம் காட்டு." அந்தக் குழுவில் படையில் இருந்தவர்களும் உண்டு, இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு. யார் எது என்று பிரித்துச் சொல்வது பூதக்கண்ணாடியின் வேலை. ஆதாரத்தை அவருக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். அவர் பார்ப்பார், பார்த்ததும் அழித்துவிடுவார், பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்றோ 'போலி' என்றோ ஒட்டுவார். விமானம் ஏறவும் இறங்கவும் அனுமதி கொடுக்கிற கோபுரம் மாதிரி, அங்கே அவரை டவர் என்று கூப்பிடுவார்கள். டவர் சொன்னால் சரி. மேல்முறையீடு கிடையாது.

டவரின் பெயர் கொடிகட்டிப் பறந்தது ஒரு விமானியால். ஓய்வுபெற்ற போர் விமானி என்று ஒருவர், ஹெல்மெட்டோடு விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பினார். டவர் வழக்கம்போலப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியில் ஒரு பலகையின் பிம்பம் விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் 'தொடாதீர்கள்'. ஆள் ஏறி உட்கார்ந்திருந்தது அருங்காட்சியகத்தில். குழு ஒரு வாரம் சிரித்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட விமானி அன்றைக்கே காணாமல் போனார்.

இப்போது ரப்பர் பேண்டுக்கு வருவோம். பூதக்கண்ணாடிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறந்ததிலிருந்தே இரண்டும் ஒரே மண் நிறம். டப்பாவில் சிவப்புப் பேனா எது என்று அவருக்குக் காட்டுவது அந்த ரப்பர் பேண்ட்தான். பதினெட்டு வயதில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். ஓட்டம், உயரம், எழுத்து எல்லாவற்றிலும் தேறினார். மூன்றாம் நாள் ஒரு டாக்டர், புள்ளி புள்ளியாக வட்டம் போட்ட புத்தகத்தைத் திறந்து, "உள்ள என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார். இவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. டாக்டர் இன்னும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடி, "அடுத்த ஆள்" என்றார். வீட்டில் வந்து உயரம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று தொடங்கியது இந்தச் சாமர்த்தியம். 'இது என்ன கலர்' என்ற கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. "இந்தச் சட்டை இன்னைக்குப் போடலாமா?" என்பார். "பழம் சாப்பிடுற பதத்துல இருக்கா?" என்பார். மனைவிக்குக் கல்யாணமான இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது. ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருடைய காலுறைகளின் உள்பக்கம் ஜோடிக்கு ஜோடி எண்ணிக்கை மாற்றி நூல் முடிச்சு போட்டு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். குழுவில் யாராவது படம் அனுப்பி நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், போனை மனைவியிடம் நீட்டி, "எவ்வளவு அழுக்குப் படம் பாரு" என்பார். "அழுக்கெல்லாம் இல்லீங்க, சிவப்பு வாலு பளிச்சுன்னுதான் இருக்கு" என்று பதில் வரும். அது போதும்.

குழுவில் ஒரு தடவை, "செலக்‌ஷன்ல மூணாவது நாளை மட்டும் மறக்கவே முடியாது" என்று எழுதிவைத்தார். அதைப் படித்தவர்கள், ஆள் படையில் இருந்தவர் என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். இவர் பொய் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. "டவர் சார், உங்க காலத்துல எப்படி?" என்று கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது தம்பி" என்று மென்று விழுங்கிவிடுவார். இது பெரிய குற்றமா என்று கேட்டால், அந்த நாள் வரைக்கும் இல்லை என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

'பழைய ஏணி' என்ற பெயரில் ஒரு பெரியவர் குழுவில் எழுதிக்கொண்டிருந்தார். விமானி இல்லை, அதிகாரி இல்லை. விமானத்துக்கு ஏணி பிடித்து, விமானியை இருக்கையில் வாரால் கட்டி, ஆபத்தில் அவரை வெளியே தூக்கி எறிகிற அந்த இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளைப் பிடுங்கி அவர் கண் முன்னால் விரித்துக் காட்டிவிட்டு இறங்குகிற வேலை. "ஊசிய எண்ணிக் காட்டுறப்ப பைலட் ஊசியப் பாக்க மாட்டார், நம்ம மூஞ்சியத்தான் பாப்பார்" என்று எழுதுவார். அழகாக எழுதுவார், ஆனால் வருஷம் இடிக்கும். போன மாதம் சொன்ன ஊர் இந்த மாதம் மாறும். குழுவில் கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. நிஜமாகவே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. நான்கு இடங்களில் முரண்பாடு என்று பட்டியல் போட்டுவிட்டு, "டவர் சார், இன்னைக்கே முடிவு சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார்.

ஏணிக்காரர் டவருக்கு மட்டும் ஒரே ஒரு படம் அனுப்பினார். ஏணியின் மேல்படியில் ஒல்லியாக ஓர் இளைஞன், கையில் ஊசிகள், புஜத்தில் பட்டை. படத்தில் தெரிந்த தளத்தில் ஏணி வேலைக்குப் பச்சைப் பட்டை, குண்டு பொருத்துகிறவர்களுக்குச் சிவப்புப் பட்டை. குழுவில் அது எல்லாருக்கும் மனப்பாடம். பட்டை பச்சையா என்று சொல்லிவிட்டால் போதும். மனைவி ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. போனில் கேட்கலாம், எப்படிக் கேட்பது? குழுவில் நிமிடத்துக்கு ஒரு 'டவர் எங்கே'. பூதக்கண்ணாடி தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். குண்டு பொருத்துகிற ஆள் ஒருவரின் படத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் தலைகீழாகத் திருப்பினார். இரண்டு பட்டையும் அச்சாக ஒத்துப்போனது. அப்படியானால் இதுவும் சிவப்பு. 'கைப்பட்டை நிறம் பொருந்தவில்லை. போலி' என்று எழுதி ஒட்டினார்.

அதன் பிறகு குழுவே அவர் மேல் பாய்ந்தது. ஏணி வைத்து வெள்ளையடிக்கிற ஆளின் உடம்பில் பெரியவரின் புரொஃபைல் படத்து முகத்தை ஒட்டிப் படம் செய்தார்கள். யாரோ நம்பரைத் தேடிப் பிடித்து, "எங்க வீட்டுக்கும் ஏணி வேணும், வாடகை எவ்வளவு?" என்று போன் செய்தார்கள். கிழித்துத் தோரணம் கட்டினார்கள். பெரியவர், "நான் அங்கதான் இருந்தேன்" என்று ஒரே வரி எழுதிவிட்டு ஓய்ந்துபோனார்.

நான்கு மாதம் கழித்து அவர் மகளிடமிருந்து டவருக்கு ஒரு செய்தி வந்தது.

"சார், அப்பாவுக்கு மறதி நோய். பழசெல்லாம் எழுதினா நல்லதுன்னு டாக்டர் சொன்னதாலதான் குழுவுல சேர்த்துவிட்டேன். வருஷமெல்லாம் தப்பா எழுதினது அதனாலதான். போலின்னு நீங்க போட்டதுல இருந்து, 'நான் நிஜமாவே அங்க இருந்தேனாம்மா?'ன்னு தினம் கேக்கறார். நான் அப்பப் பிறக்கவே இல்ல சார். 'இருந்தீங்கப்பா'ன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கறார். டவர் சொல்லணுமாம். படத்த மறுபடி அனுப்பறேன். அந்தப் பச்சைப் பட்டையக் கொஞ்சம் பாருங்க. சீக்கிரம் சார், நாளுக்கு நாள் மோசமாயிட்டு வருது."

அன்று காலை மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "என்ன அழுக்குப் பட்டை பாரு" என்று பூதக்கண்ணாடி போனை நீட்டினார். மனைவி கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "அழுக்கு எங்கங்க இருக்கு? நல்ல இலைப் பச்சையா இருக்கு." பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

உடனே எழுதியிருக்க வேண்டும். மனிதர் பத்தொன்பது நாள் எழுதவில்லை. தப்பு என்று சொன்னால், நிறத்தில் எப்படி சார் தப்பு வரும் என்று கணக்கு வாத்தியார் கேட்பார். கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால், இந்தக் கண்ணோடு உங்களை எந்தப் படையில் சேர்த்தார்கள் என்று அடுத்த கேள்வி. குட்டு மொத்தமாக வெளிப்பட்டுவிடும். இருபதாம் நாள் காலை, சத்தமில்லாமல் பூசி மெழுகப் பார்த்தார். 'போலி' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு வேலைக்குப் போனார். மதியத்துக்குள் வாத்தியார் கண்டுபிடித்துவிட்டார். "டவர் சார், புது ஆதாரம் ஏதாவது வந்துச்சா? எங்களுக்கும் சொல்லலாமே?" பூதக்கண்ணாடி சோற்றை வைத்துவிட்டு, 'போலி'யை மறுபடி ஒட்டினார். கோழைத்தனம்தான். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் பெரியவரின் மகளிடமிருந்து இரண்டே வரி. "காலைல எடுத்திருந்தீங்க. அப்பாகிட்டச் சொன்னேன், சட்டையெல்லாம் மாத்திட்டு வந்து உக்காந்தார். இப்பப் பாத்தா மறுபடியும் இருக்கு."

மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எழுதினார். "எனக்குப் பிறவியிலிருந்து சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஏணிக்காரரின் பட்டை பச்சை. அவர் அங்கேதான் இருந்தார். நான் எந்தப் படையிலும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இங்கே போலி நான்தான்."

ஐந்து நிமிடத்தில் குழுவில் கூச்சல் கிளம்பியது. அவர் பெயருக்குப் பக்கத்தில் 'போலி' என்று வாத்தியார் ஒட்டினார். இத்தனை வருடத்தில் டவர் வெளியேற்றிய ஆட்களெல்லாம் திரும்பி வந்து நியாயம் கேட்டார்கள். அருங்காட்சியக விமானிகூட வந்துவிட்டார், தன்னிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் பூதக்கண்ணாடியைக் குழுவை விட்டு நீக்கினார்கள். ஏணிக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'போலி'யைப் பற்றி அந்தக் களேபரத்தில் ஒருவரும் பேசவில்லை.

பெரியவரின் மகளுடைய பதிலுக்குத்தான் அவர் காத்திருந்தார். அது மறுநாள் காலை, வங்கி திறக்கிற நேரத்துக்கு வந்தது.

"நீங்க எழுதினத அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன் சார். ரெண்டு தடவை. பொறுமையாக் கேட்டார். 'பாவம், யாரோ ஒரு பெரியவரை ரொம்பக் கஷ்டப்படுத்தியிருக்காங்க போல'ன்னார். அவ்வளவுதான் சார்."

பூதக்கண்ணாடி அன்று ரொம்ப நேரம் ஒரு செக்கையும் தொடவில்லை. பிறகு அந்தப் படத்தை வங்கியின் பிரிண்டரில் அச்செடுத்தார். அந்தப் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைதான் வரும். ஏணி, இளைஞன், விரித்த விரல்களுக்கிடையே ஊசிகள், புஜத்தில் சாம்பலாக ஒரு பட்டை. மேஜைக்குக் கொண்டுவந்து நேராகவே வைத்தார்.

"ஏம்மா, பச்சைப் பேனா இருக்கா?" என்று பக்கத்து மேஜைப் பெண்ணிடம் கேட்டார்.

"உங்க டப்பாலயே இருக்கே சார்."

"அது எதுன்னு எனக்குத் தெரியாதும்மா. நீயே பாத்து எடுத்துக் குடு."

அந்தப் பெண் அவரை ஒரு கணம் பார்த்தாள். எழுந்து வந்து, டப்பாவிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, கோட்டுக்கு வெளியே ஒரு துளி போகாமல், அந்தப் பட்டைக்கு நிறம் தீட்டத் தொடங்கினார்.