சுவரைப் பார்த்து நின்ற மூவர்

சுகாசினி கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் டிடிபி ஆபரேட்டர். முகூர்த்த மாதங்களில் வேலை கடையோடு முடியாது என்பதால் முதலாளி தம்முடைய பழைய கணினி ஒன்றை அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். காஞ்சிபுரத்தில் தேர் போகிற பெரிய தெருவில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே அவர்களுடைய வாடகை வீடு. அப்பா பூவராகவன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அம்சா ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பாள். அண்ணன் கமல் மஸ்கட்டில் இருந்தான்.

கமல் ஊரில் இருந்த காலத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நான்கு பேர் சேர்ந்து ஓர் இணைய விளையாட்டு ஆடினார்கள். கமல் வாள்வீரன். அவன் சிநேகிதன் சிட்டிபாபு வில்லாளி. சுகாசினியோடு வேலை பார்த்த ஏலவார்குழலி மந்திரக்காரி. சுகாசினி வைத்தியச்சி, சண்டையில் மற்ற மூவருக்கும் படுகிற காயத்தைப் பின்னால் நின்று ஆற்றுவது அவள் பங்கு. இரண்டு வருடம் ஆடி, விளையாட்டுக்குள் ஓர் ஏரிக்கரை வீட்டை வென்றார்கள். கதவில் நால்வர் பெயரும் இருந்தது.

அந்த வீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாதத்தின் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே, நால்வரும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். தவறினால் வீடு, பெயர் பதிந்து காத்திருக்கும் வேறொரு குழுவுக்குப் போய்விடும்.

கமல் மஸ்கட் போனான். சிட்டிபாபு பெங்களூர் போனான். ஏலவார்குழலி கல்யாணமாகித் திருவண்ணாமலை போனாள். ஒவ்வொருவரும் போகும்போது தங்கள் பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்தார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பார்களே, அப்படி. சாவி கொடுத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதை அவர்கள் சொல்லவில்லை.

ஒரு கணினியில் நான்கு பேரை ஓட்டுவது எளிதல்ல. அதில் இருந்தது ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி நினைவகம். ஒவ்வொருவருக்கும் திரையில் தனி ஜன்னல் வேண்டும். இரண்டாவது ஜன்னலைத் திறந்ததும் முதலாவது திக்கியது. மூன்றாவதில் மவுஸ் அம்புக்குறி உறைந்தது. நான்காவதில் கணினியே அணைந்தது. முதல் மாதம் தப்பித்தது, பிறந்த வீட்டுக்கு வந்திருந்த ஏலவார்குழலி பிரவுசிங் சென்டரிலிருந்து தானே உள்ளே வந்ததால்.

பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். நான்கு ஜன்னல்களையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினாள். நிழல்கள், தண்ணீரின் அலை, புல்லின் அசைவு எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஒன்றைத் தவிர மற்றவற்றில் சத்தத்தை அடைத்தாள். பத்திரிகை வேலைக்காக ஏற்றி வைத்திருந்த முந்நூறு தமிழ் எழுத்துருக்களும் நினைவகத்தைத் தின்றுகொண்டிருந்தன. சனிக்கிழமை அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுத் திங்கள்கிழமை திரும்ப ஏற்றினாள். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து மேசை விசிறியை நேரே வைத்தாள். நால்வரையும் ஒரே மூச்சில் திறக்கக் கூடாது, ஒருவர் முழுதாக உள்ளே வந்து, கணினி மும்முரமாக வேலை செய்வதைக் காட்டும் சிவப்பு விளக்கின் துடிப்பு அடங்கியபிறகே அடுத்தவர் என்பதை மூன்றாம் மாதம் கற்றாள்.

கடைசியாகக் கண்டுபிடித்ததுதான் பெரியது. விளையாட்டுப் பாத்திரம் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் கணினி வரைய வேண்டியிருக்கிறது. ஏரியைப் பார்த்து நின்றால் ஏரியை வரைய வேண்டும். வெறும் சுவரைப் பார்த்தால் வரைய ஒன்றுமில்லை. ஆகவே மற்ற மூவரையும் சுவரை ஒட்டி, முகம் சுவரில் படும்படி நிறுத்தினாள். அன்றிலிருந்து நான்கும் திக்காமல் ஓடின. இதைத் திறமை என்று சொல்லிவிட முடியாது. வேறு வழியில்லாதவர்களுக்கு வருகிற பொறுமை என்று சொல்லலாம். பதினான்கு மாதம் அப்படியே போயிற்று.

"இன்னாடி இது, எல்லாரும் தப்பு பண்ண புள்ளைங்க மாதிரி செவுத்தைப் பாத்துக்கினு நிக்குதுங்க?" என்றாள் அம்சா ஒருநாள், கொக்கி தைத்துக்கொண்டே.

"அப்பத்தான்மா வேகமா ஓடும்."

"நிக்கிறது எப்படி ஓடும்?"

சுகாசினி விசிறியைப் பெட்டிப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

2007 வைகாசியில் தேரும் கடைசி ஞாயிறும் ஒரே நாளில் வந்தன. வெள்ளிக்கிழமை கமல் போன் செய்தபோது, வழக்கம்போல அவள் கேட்டாள்.

"ண்ணா, இந்தத் தடவையாவது நீ வரியா?"

"நீதான் பாத்துக்கினு இருக்கியே."

"மூணு பேரைப் பாத்துக்கறேன். நீ மட்டும் வா. கால் மணி நேரம்."

"சரி. ஞாயித்துக்கிழமை உங்க டைம் எட்டு மணிக்கு, ரூம்மேட் லேப்டாப்ல வரேன். போதுமா, தாயே?"

எட்டு மணி என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. தேர் வரும்போது தெருவில் மின்சாரத்தை நிறுத்தி, குறுக்கே போகிற கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள். உற்சவ நோட்டீசில் அவர்கள் தெருவுக்கு நேரம் எட்டரை என்று போட்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் படித்து ஏழரைக்கே வந்து நிற்பார்கள். அந்தத் தெருவில் வளர்ந்த யாரும் நோட்டீசைப் படிப்பதில்லை.

"நோட்டீசுல போட்டா வந்துருமா?" என்றார் பூவராகவன். "முப்பது வருசமா பாக்கறேன். பதினோரு மணிக்கு முன்ன தேர் நம்ம வீட்டு வாசலைத் தொட்டதே கெடையாது. நீ வேலையப் பாரும்மா."

அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஆரம்பித்தாள். சிட்டிபாபு வந்தான், விளக்கு அடங்கியது. ஏலவார்குழலி வந்தாள், அடங்கியது. இருவரையும் சுவர்ப்பக்கம் திருப்பினாள். பிறகு தன்னுடைய வைத்தியச்சியை உள்ளே கொண்டுவந்தாள். கமலுக்காக நான்காவது ஜன்னலைத் திறக்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு இடத்திலிருந்து உள்ளே வந்தால் விளையாட்டு இருவரையும் வெளியே தள்ளிவிடும். தவிரவும், இன்று அவனாக வருவான். வைத்தியச்சியைக் கதவைப் பார்த்து நிற்க வைத்தாள்.

எட்டு ஆயிற்று. கதவு திறக்கவில்லை. எட்டு ஐந்துக்கு அவன் எண்ணைக் கூப்பிட்டாள், அணைத்து வைத்திருந்தான். எட்டே காலுக்குத் தெருவில் என்றுமில்லாத கூச்சல் கேட்டது. பூவராகவன் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார்.

"இந்த வருசம் இன்னாத்த சாப்ட்டு இழுத்தானுங்களோ, பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் மாதிரி எங்கயும் நிக்காம வந்துகினு இருக்குது! கரண்டு ஆளு ஏணி போட்டுட்டான்!"

அவள் கமலின் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினாள். சிவப்பு விளக்கு துடிக்க ஆரம்பித்தது. தெருப்பக்க ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். கம்பத்தருகே மின்வாரியத்து நமச்சிவாயம் நின்றிருந்தார்.

"அண்ணே! கரண்டை இருபது நிமிஷம் தள்ளி நிறுத்துங்கண்ணே!"

"இன்னாம்மா, மாவு அரைக்கணுமா?"

"இல்லண்ணே, கம்ப்யூட்டர்ல ஒரு அவசரம்!"

"தேரைப் பிடிச்சு நிறுத்து, நானும் நிறுத்தறேன்!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையில் அவரிடமும் இருபது நிமிடம் இல்லை.

அவள் திரும்பி வந்தபோது கமலின் வாள்வீரன் உள்ளே வந்திருந்தான். நால்வரும் வீட்டில். பதினைந்து நிமிடம் ஓடத் தொடங்கியதைக் காட்டும் சின்ன மணல்கடிகாரம் திரையின் மூலையில் தோன்றியது. அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். விசிறி நின்றது. மின்சாரம் போனால் கணினியையும் மோடத்தையும் கொஞ்ச நேரம் ஓட்டுகிற யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

பழைய பேட்டரி. ஏழு நிமிடம் தாங்கும். அதிலும் பெரிய தீனி மானிட்டருக்குத்தான். அவள் அதை அணைத்தாள். இப்போது பன்னிரண்டு தாங்கலாம். வேறு எதைக் குறைப்பது என்று யோசித்தாள். குறைக்க ஒன்றுமில்லை, பதினான்கு மாதமாகக் குறைத்ததுதான் எல்லாம்.

இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வைத்தியச்சியின் ஜன்னலில் மட்டும் சத்தத்தை விட்டு வைத்திருந்தாள். ஸ்பீக்கரில் ஏரித் தண்ணீர் கரையில் மோதுவது மெல்லக் கேட்டது. அது கேட்கிறவரை எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள்.

மேளம் நெருங்கியது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. யுபிஎஸ்ஸின் கூச்சலும் கேட்கவில்லை. அவள் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். தேர் தெருப்பக்க ஜன்னலை மறைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. அறை கொஞ்சம் இருண்டது.

"கண்ணெதிர்ல சாமி போவுது, நீ டப்பாவைக் கட்டிப்பிடிச்சுக்கினு இருக்கியே! வாடி!" என்று அம்சா கையைப் பிடித்து இழுத்தாள். சுகாசினி ஜன்னலில் நின்று கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கலாமா என்பதற்குள் தேர் கடந்துவிட்டது.

மேளம் ஓய்ந்தபோது யுபிஎஸ்ஸும் ஓய்ந்திருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

கம்பிகளை மாட்டி மின்சாரம் வர மத்தியானம் ஆனது. வைத்தியச்சியை மட்டும் திறந்தாள். அவள் வீட்டுக்கு வெளியே, ஏரிக்கரையில் நின்றிருந்தாள். கதவில் வேறு நான்கு பெயர்கள். நேரம் போதவில்லை என்று ஒரு வரி அறிவிப்பு வந்திருந்தது. எவ்வளவு போதவில்லை என்று அது சொல்லவில்லை.

சாயங்காலம் கமல் கூப்பிட்டான். "சாரி சுகா, டபுள் டூட்டி போட்டுட்டான். செத்த பொணம் மாதிரி தூங்கிட்டேன். நீ பாத்துகினு இருப்பன்னு தெரியும். ஆச்சுல்ல?"

அவள் சற்று யோசித்தாள். சொன்னால் வருத்தப்படுவான். ஐந்து நிமிடம் வருத்தப்படுவான். அதைக் கேட்கத் தனக்குத் தெம்பில்லை என்று பட்டது.

"ஆச்சுண்ணா. சாப்ட்டியா?"

போனை வைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். ஒருத்தி மட்டும் ஓடுவதால் சிவப்பு விளக்கு எப்போதாவது ஒருமுறைதான் மின்னியது. ஜன்னலைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள், திக்கவில்லை. நிழலைப் போட்டாள், புல்லைப் போட்டாள், தண்ணீரின் அலையைப் போட்டாள். எல்லாம் தடங்கலில்லாமல் ஓடின. இந்தக் கணினியில் அந்த ஏரியை அவள் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததேயில்லை.

கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, மறுநாள் வேலைக்காக எழுத்துருக்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்ற ஆரம்பித்தாள்.