கழுவிய பம்ப்பின் மேல் மூன்று வெள்ளைக் கோடுகள்

என் மனைவிக்கு என்மேல் நிரந்தரமாக ஒரு புகார் உண்டு. பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்த பிறகும் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் காபிக்கு ஊற்றுவேன். "அச்சடிச்சிருக்கிறதைக் கூடவா நம்ப மாட்டீங்க?" என்பாள். நம்ப மாட்டேன். அச்சடித்தவர் அந்தப் பாலைப் பார்த்தாரா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

தொழில் அப்படி. சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு விமானத்தில் இடம் பிடித்துக் கொடுத்து, காகிதங்களைத் தயார்செய்து தருவது எங்கள் வேலை. அதில் என் பங்குக்கு வந்து சேர்ந்தவை, தொழிற்சாலையில் ஓடித் தேய்ந்து பழுதுபார்க்கப் போகும் பம்ப், வால்வு வகையறாக்கள்.

புதுப் பம்ப் வெறும் இரும்பு. ஓடிய பம்ப் அப்படி இல்லை. அதன் வயிற்றுக்குள் அமிலமோ காரமோ கொஞ்சம் தங்கியிருந்தாலும் விதிப்படி அது ஆபத்தான சரக்கு. தனிப் பெட்டி, தனி லேபிள், தனிப் படிவம் என்று ஆரம்பித்து, சிலவற்றை விமானத்தில் ஏற்றவே முடியாது என்பதுவரை போகும். வடித்து, கழுவி, உலர்த்தி, 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று அனுப்புகிறவர் சுத்தச் சான்றிதழ் கொடுத்தால்தான் சாதாரணச் சரக்காகப் போகலாம். அந்தச் சான்றிதழைச் சரிபார்த்து அடியில் கையெழுத்துப் போடுகிறவன் நான். பம்ப்பைக் கண்ணால் பார்க்காமலேயே அதன் வயிற்றுக்கு உத்தரவாதம் கொடுக்கிற உத்தியோகம். ஜோசியராவது கையை நீட்டச் சொல்லி ஒரு தடவை பார்ப்பார்.

போன வருடம் அப்படித்தான் ஒரு வால்வுக்குக் கையெழுத்துப் போட்டேன். அருமையான சான்றிதழ். நீல நிறத்தில் முத்திரை, தெளிவான கையெழுத்து. வால்வு கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்குப் போனது. நான்கு நாள் கழித்து அங்கிருந்து ஃபிட்டர் போன் செய்தார்.

"சாருங்க, நீங்க அனுப்புன வால்வைப் பிரிச்சனுங்க. உள்ள ஏதோ ஈரமா இருந்துச்சு, தண்ணின்னு நெனச்சுட்டனுங்க. கிளவுஸ் போடலைங்க. சுத்தம்னுதானுங்களே எழுதியிருந்துச்சு?"

இரண்டு விரல்களில் தோல் உரிந்துவிட்டது. மனிதர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது விதியைச் சொல்லித் தப்பித்திருப்பேன். "ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாச்சுங்க. ரெண்டு விரல்தானுங்க, மிச்சம் எட்டு இருக்கு" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அன்றிலிருந்து 'சுத்தம்' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு மூக்கு அரிக்கும்.

இந்த வருடம் தீபாவளிக்கு முன்னால், சிராங்கூன் சாலையில் விளக்கலங்காரம் எரிய ஆரம்பித்திருந்த சமயம், ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸில் ஒரு பராமரிப்புப் பட்டறையிலிருந்து ஒரு பம்ப்பை அனுப்பும் வேலை வந்தது. காஸ்டிக் சோடா கரைசலைத் தள்ளிக்கொண்டிருந்த பம்ப். காஸ்டிக் தோலை மட்டும் தின்னாது, அலுமினியத்தையும் தின்னும். விமானம் எதனால் செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போகிற இடம் அதே கோயம்புத்தூர்ப் பட்டறை. பிரிக்கப்போகிறவர் அதே ஃபிட்டர்.

சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. உள்ளே மூன்று முறை அலசப்பட்டது, வெளியே உயர் அழுத்தத் தண்ணீராலும் நீராவியாலும் கழுவப்பட்டது, உலர்த்தப்பட்டது. தேதி, கையெழுத்து, கூடவே மூன்று படங்கள். மூக்கு அரித்தது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில், பலகை மேடைமேல் பக்கவாட்டில் படுக்கவைத்திருந்த பம்ப்பின் உடம்பில் மூன்று வெள்ளைத் தடங்கள் மேலிருந்து கீழே இறங்கியிருந்தன. நடுவில் ஒரு மஞ்சள் கறை. அந்த மஞ்சளுக்கு நடுவே சிவப்பாக ஒரு புள்ளி.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த உச்சபட்ச ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பம்ப்பின் வெளிப்புறத்தில் செங்குத்தாக மூன்று வெள்ளைக் கசிவுத் தடங்கள் காணப்படுகின்றன. அருகில் இனம் தெரியாத மஞ்சள் படிவு. மையத்தில் சிவப்பு, துருவாக இருக்கலாம், இரசாயன வினையாகவும் இருக்கலாம். ஆய்வு முடியும்வரை இச்சரக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.' அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து ரசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் பட்டறையின் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். சான்றிதழில் இருந்த கையெழுத்து அவருடையதுதான்.

"பிரதர், சர்டிஃபிகேட் இருக்கு, சைன் இருக்கு, போட்டோ இருக்கு. இன்னும் என்ன லா வேணும் உங்களுக்கு? பம்ப்போட ஐடென்டிட்டி கார்டு நம்பரா?"

"நேர்ல ஒரு தடவை பாத்துடறேன்."

"நாலு மணிக்கு லாரி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிடும், தெரியுமில்ல?"

"அதுக்கு முன்னாடி வந்துடறேன்."

கீழே இரும்புக் கடையில் கையுறை வாங்கினேன். அமிலமா காரமா என்று நிறம் மாறிச் சொல்லும் சோதனைத் தாள் அங்கே இல்லை. இரண்டு தெரு தள்ளி, வண்ணமீன் விற்கிற கடையில் கிடைத்தது. தொட்டித் தண்ணீரைச் சோதிப்பதற்கானது. டப்பாவின்மேல் ஒரு தங்கமீன் சிரித்துக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு, குற்றம் நடந்த இடத்துக்குப் போகிற அதிகாரியின் முகபாவத்துடன் டாக்சியில் ஏறினேன்.

பட்டறையில் மேற்பார்வையாளரும் ஃபோர்மேனும் ஏழெட்டுத் தொழிலாளர்களும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஃபோர்மேன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கிறவர். அதிகம் பேசாதவர். நான் கையுறையை மாட்டினேன். வெள்ளைத் தடத்தின்மேல் என் தண்ணீர் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டு, தாளை ஒற்றினேன். தாள் கண்ணெதிரே நீலமானது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அந்த நீலத்துக்கு நேரே, இந்தத் தண்ணீரில் மீன் பிழைக்காது என்று போட்டிருந்தது.

"காரம்!" என்று அறிவித்தேன். "காஸ்டிக் வெளியே கசிஞ்சு காய்ஞ்சிருக்கு. இதை எப்படி சுத்தம்னு எழுதினீங்க?"

ஃபோர்மேன் மெதுவாக அருகில் வந்தார்.

"அண்ணே, தலையைக் கொஞ்சம் இப்படிச் சாய்ச்சுப் பாருங்க."

சாய்த்தேன். மேலிருந்து கீழே இறங்கிய மூன்று கோடுகளும் படுக்கைவாட்டில் வந்து நின்றன. நடுவில் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம்.

"விபூதிண்ணே. பம்ப்பு நேரா நிக்கும்போது போட்டது. உங்க நெத்தியில இருக்கே, அதேதான்."

அதேதான். காலையில் அலுவலகத்துக்கு வருகிற வழியில் கோயிலில் நானே பூசிக்கொண்டு வந்தது. சாம்பல் காரம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதுவும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்து அங்கிருந்த எண்ணெய் டிரம்மைப் பிடித்துக்கொண்டார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மேற்பார்வையாளர்.

"ஆபத்தான சரக்குக்கு ஒன்பது கிளாஸ்தானே பிரதர்? இதைப் பத்தாவதுல போடுங்க லா. சாமி கிளாஸ்!"

நானும் சிரித்தேன். வேறு வழி? அவர் படிவத்தை நீட்டினார். லாரி ஓட்டுநர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்தேன். அவமானத்தை ஆற்றிக்கொள்ள ஏதாவது பேச வேண்டுமே என்று ஃபோர்மேனைக் கேட்டேன்.

"எப்போ பூஜை போட்டீங்க?"

"ஆயுத பூஜைக்குத்தாண்ணே. கிரைண்டர், டிரில்லு, ஃபோர்க்லிஃப்ட்டு எல்லாத்துக்கும் போட்டோம். ரிப்பேருக்கு நிக்கிற இதை மட்டும் விட்டா பாவமில்லையா?"

கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன். பேனா முனைக்குப் பக்கத்தில் கழுவிய தேதி இருந்தது. ஆயுத பூஜை முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து வந்த தேதி.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் போட்ட பட்டையில் பாதி வியர்வையில் போயிருந்தது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மதியச் சாப்பாடு வரைக்கும் என் நெற்றியில் விபூதி முழுசாகத் தங்கியதாகச் சரித்திரமே இல்லை. இந்தப் பம்ப் மட்டும் உயர் அழுத்தத் தண்ணீரில் குளித்து, நீராவியில் வெந்து, உலர்ந்து, குங்குமம் கலையாமல் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

சந்தேகப்பட்டு ஒருமுறை அசடு வழிந்தவனுக்கு அடுத்த சந்தேகத்தைச் சொல்ல வாய் வராது. பேசாமல் மிச்சக் கையெழுத்தையும் போட்டுவிட்டு டாக்சி பிடித்திருக்கலாம். ஒருவரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைக் கோயம்புத்தூரில் ஒருவர் படிப்பார். படித்துவிட்டு முதல் போல்ட்டைக் கழற்றுவார்.

"ஹை பிரஷர் தண்ணியில விபூதி போகலையா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. மேற்பார்வையாளர்தான் முதலில் பேசினார்.

"வாஷ் பண்ணினதுக்கு அப்புறம் மறுபடியும் போட்டிருப்பாங்க லா. இவங்களுக்கு டெய்லி பூஜைதான்." சொல்லிவிட்டு ஃபோர்மேனைப் பார்த்தார். "என்ன, போட்டீங்கதானே?"

ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். அவருடைய வேலை அனுமதி அந்தப் பட்டறையின் பெயரில் இருக்கிறது. அவர் வாயிலிருந்து பதிலை வாங்குவது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

"யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். அடியில இருக்கிற டிரெயின் பிளக்கை மட்டும் கழட்டுங்க. ஒண்ணும் வரலைன்னா அந்த நிமிஷமே சைன் போட்டுடறேன்."

"டைம் இல்ல பிரதர்!"

ஃபோர்மேன் உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் ஸ்பேனரும் இன்னொரு கையில் பிளாஸ்டிக் தட்டும் இருந்தன. முழங்கைவரை ரப்பர் கையுறை. முகத்துக்கு முன்னால் கண்ணாடித் திரை. "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றார். காலியான பம்ப்பைத் திறக்க யாராவது இவ்வளவு அலங்காரம் செய்துகொள்வார்களா? நான் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதிலை அவர் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பிளக் வெளியே வந்தது. ஒன்றும் வரவில்லை. "பாத்தீங்களா?" என்றார் மேற்பார்வையாளர். ஃபோர்மேன் கடப்பாரையைக் கொடுத்து பம்ப்பின் பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கினார். உள்ளே ஏதோ களுக்கென்றது. விளக்கெண்ணெய் மாதிரி கொழகொழவென்று ஒரு ஓட்டம் தட்டில் விழுந்தது. ஒரு காபிக் கோப்பை அளவு இருக்கும். தாளை ஒற்றினேன். டப்பாவில் இல்லாத ஒரு கருநீலத்துக்கு அது போய்விட்டது. தங்கமீனுக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

லாரி வெறுமனே போனது. மேற்பார்வையாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லா ஆளும் வேற சைட்ல இருந்தாங்க பிரதர். வெளிய பாக்க கிளீனாதான் இருந்துச்சு. நாளைக்குக் கழுவிடலாம்னு முன்னாடியே சைன் பண்ணிட்டேன். அப்புறம்... மறந்துட்டேன் லா."

நன்றாக நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். போன வருடத்து வால்வு ஞாபகம் வந்தது. பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டதில் அவர் எனக்கு ஒரு வருடம் ஜூனியர், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன். அரைகுறைக் கையெழுத்தோடு இருந்த படிவத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் மறுபடியும் போய், கழுவி முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். மூன்றாவது அலசலில் வெளியே வந்த தண்ணீரைப் பார்த்துத் தங்கமீனும் திருப்தி தெரிவித்தது. வெளியே நீராவி பட்டதும் விபூதி, சந்தனம், குங்குமம் மூன்றும் ஒரே நொடியில் காணாமல் போயின. பெட்டியில் வைப்பதற்கு முன்னால் ஃபோர்மேன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, வெறும் நெத்தியா அனுப்ப மனசு வரல. ஒரு கோடு மட்டும் போட்டுக்கட்டுமா?"

"போட்டீங்கன்னா அங்க ஒருத்தன் தலையைச் சாய்க்காமப் பாத்துட்டு எனக்கு ஈமெயில் போடுவான்."

அவர் சிரித்துவிட்டுப் பெட்டியின் மூடிக்கு ஆணி அறைந்தார்.

பத்து நாள் கழித்து கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது.

"சாருங்க, பம்ப்பு வந்துருச்சுங்க. ரொம்பச் சுத்தம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. இந்தத் தடவை நானே பக்கத்துல நின்னு பாத்தேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நீங்க சொன்னாச் சரிங்க. இருந்தாலும் ஒரு நாள் முச்சூடும் தண்ணித் தொட்டியில ஊறப் போட்டுட்டு, கிளவுஸ் மாட்டி, கண்ணாடி மாட்டித்தான் பிரிச்சனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

துவாஸ் வரை இரண்டு தடவை போய்வந்தவனுக்குக் கிடைத்த மரியாதை இது. ஒரு நிமிடம் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் பால் பாக்கெட்டை முகர்கிற என் மூக்கு நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"விரலெல்லாம்?"

"பத்தும் நல்லா இருக்குங்க" என்றார்.