யாரை முதலில் அறுப்பது?

என் சிறுநீரகம் என் மனைவிக்குப் பொருந்தவில்லை. கலேவெல ஊர்ச் சிங்களப் பெண் சோமா அக்காவுடையது அவர் கணவருக்குப் பொருந்தவில்லை. மாற்றிக் கொடுத்தால் பொருந்தும் என்றார் டாக்டர். ஒப்புக்கொண்டோம். ஆனாலும் அக்கா கடைசி நேரத்தில் நழுவிவிடுவார் என்று பயந்து, அவரை முதலில் அறுக்கும்படி டாக்டரிடம் ரகசியமாகக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர இருவரும் ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் புறப்பட்டோம். சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் தமிழனான என்னை மட்டும் இறக்கினார்கள். ஊர் அதிகாரியான கிராம சேவகர் தந்த அடையாளக் கடிதத்தில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாம். என் பெயரை நான் எத்தனை தடவைதான் சொல்வது! பஸ் போய்விட்டது. ஆனால் சோமா அக்கா இறங்கி நின்றார்.

"இவரு கிட்னிதான் எங்க வீட்டு மனுசனுக்கு! இவரப் புடிச்சு வச்சா அவர யாரு காப்பாத்துவாங்க?" என்று சிங்களத்தில் கத்தினார். என்னை விட்டார்கள்.

அடுத்த பஸ்ஸில், வெட்கம் தாங்காமல், டாக்டரிடம் நான் கேட்டதை அக்காவிடம் சொன்னேன்.

"நானும் ஒங்கள முதல்ல வெட்டச் சொல்லித்தான் கேட்டேன் தம்பி. பாவம், அந்த டாக்டர்!" என்றார்.

இருவரையும் ஒரே நேரத்தில்தான் அறுத்தார்கள். நால்வரும் பிழைத்தோம். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று காத்திருந்தால், இருவருமே கொடுத்திருக்க மாட்டோம்.